யூஎஸ்பி போர்ட்டும் போச்சு, டேட்டா டிஸ்க்கும் போய்க்கிட்டிருக்கு: 420 ஜிபியை வேற எப்படி வெளியே எடுக்கிறது?

டிடிபி_கடை:

எல்லாருக்கும் வணக்கம். கடையில இருக்கிறது அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப். விண்டோஸ் 10, சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். வேலை ஃபைல் எல்லாமே டியில தான்: பத்திரிகை டிசைன், கல்யாண ஆல்பம், டேலி டேட்டா, மொத்தம் 420 ஜிபி.

கரண்ட் ஏறி இறங்கினதுக்குப் பிறகு ரெண்டு பிரச்சினை. முன்னாடி, பின்னாடி இருக்கிற யூஎஸ்பி 3.0 போர்ட் எதுவும் வேலை செய்யலை. பின்னாடி இருக்கிற ரெண்டு யூஎஸ்பி 2.0 போர்ட் மட்டும் ஓடுது, அதுல கீபோர்டும் மவுஸும் இருக்கு. அடுத்தது, டி டிரைவ்ல சில ஃபோல்டரைத் திறந்தா ரெண்டு மூணு நிமிஷம் அப்படியே நிக்குது. டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்துல எச்சரிக்கை காட்டுது. 05க்கு நேரா 10, சி5க்கு நேரா 38, சி7க்கு நேரா 0.

பேக்கப் எடுக்கிற 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மவுஸைக் கழட்டிட்டு 2.0 போர்ட்ல போட்டேன். லைட் எரியுது, லேசா டிக் டிக்னு சத்தம் வருது, மை கம்ப்யூட்டர்ல வரலை. அதுவும் போச்சோன்னு பயமா இருக்கு, அதனால வேற எதுலயும் போட்டுப் பார்க்கலை. கையில இருக்கிறது: 200 ஜிபி காலி இருக்கிற விண்டோஸ் 11 லேப்டாப், 64 ஜிபி பென் டிரைவ், டிவிடி ரைட்டர். எக்ஸ்டர்னல் இல்லாம வேற வழி என்ன? செக்டிஸ்க் ஓட்டிட்டு காப்பி பண்ணலாமா?

---

வட்டு_வைத்தியர்:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: செக்டிஸ்க் வேண்டவே வேண்டாம். அது கோப்பு அமைப்பின் கணக்கை நேராக்கும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. படிக்க முடியாத செக்டாரில் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) ஒரு ஃபோல்டரின் பட்டியல் இருந்தால், அந்தப் பதிவையே வெட்டி எறிந்துவிட்டு "சரிசெய்தேன்" என்று சொல்லும். ஆர் ஆப்ஷனோடு ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மூலை முடுக்கு விடாமல் படித்து, இருக்கிற கொஞ்ச ஆயுளையும் தின்றுவிடும். டீஃப்ராக், மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவது எல்லாம் அதே கணக்குதான்.

நீங்கள் சொன்ன எண்களைப் பற்றி: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா வேல்யூவை (டிஸ்க் தரும் மூல எண்ணை) வழக்கமாகப் பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும். எனவே 05இல் உள்ள 10 என்பது 16; அதாவது 16 செக்டார்கள் ஏற்கெனவே மாற்றிடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன. சி5இல் உள்ள 38 என்பது 56. இவை படிக்க முடியாமல், இன்னும் தீர்ப்பாகாமல் கிடக்கும் செக்டார்கள். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். கேபிளில் டேட்டா பிசகுவதை எண்ணும் சி7 பூஜ்யமாக இருப்பதால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் மேல் சந்தேகம் வேண்டாம். கேபிள் கோளாறென்றால் ஏறுவது சி7தான், சி5 அல்ல.

ஃபோல்டர் திறக்கும்போது நிற்பதற்குக் காரணமும் இதுவே. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டார் படிக்கவில்லையென்றால் உடனே கைவிடாது, பல விநாடிகள் திரும்பத் திரும்ப முயலும். அதற்கு மேல் விண்டோஸ் தன் பங்குக்கு மீண்டும் கேட்கும். படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் தம்ப்நெயிலுக்காக ஒவ்வொரு கோப்பையும் தொடும், பின்னாலேயே ஆன்டிவைரஸும் தொடும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே டிஸ்க் உழைத்துக்கொண்டிருக்கிறது. இப்போதைக்குக் கணினியை அணைத்துவிட்டு, டி டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிடுங்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருப்பதால் மற்ற வேலை தடைபடாது.

எக்ஸ்டர்னல் செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்ப், 3.0 என்றால் 900. 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் 1 ஆம்ப் வரை கேட்கும். அடிபட்ட மதர்போர்டின் 2.0 போர்ட்டில் அது எழுந்திருக்க முடியாமல் டிக் டிக் என்பதில் வியப்பில்லை. லேப்டாப்பின் 3.0 போர்ட்டில், ஹப் எதுவும் இல்லாமல், வேறொரு குட்டையான கேபிளில் போட்டுப் பாருங்கள். "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மேட்" செய்யவா என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் சொல்லுங்கள். அங்கேயும் அதே டிக் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

---

கேபிள்காரர்:

யூஎஸ்பி போனா என்ன, லேன் போர்ட் இருக்கே. லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் லேன் கேபிள்ல இணைச்சு அனுப்புறது தான் கையில இருக்கிற வழியிலேயே வேகமானது.

கணக்கு இதான்: கிகாபிட் லேன்ல விநாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி, 100 மெகாபிட்னா 11 எம்பி. 200 ஜிபி முதல் வகையில அரை மணி நேரம், ரெண்டாவதுல 5 மணி நேரம். டிஸ்க் நல்லா இருந்தா சொல்ற கணக்கு இது, உங்க டிஸ்க்குக்குக் கூடும். கிகாபிட் கிடைக்கணும்னா கேபிள்ல நாலு ஜோடியும் ஒழுங்கா கிரிம்ப் ஆகியிருக்கணும். ஒரு ஜோடி விட்டிருந்தாலும் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், அடாப்டர் ஸ்டேட்டஸ்ல வேகத்தைப் பார்த்துக்குங்க. கிராஸ் கேபிள் தேட வேண்டாம், இப்ப வர்ற போர்ட் தானே சரி பண்ணிக்கும்.

ரெண்டையும் நேரடியா இணைச்சா டெஸ்க்டாப்புக்கு 192.168.50.1, லேப்டாப்புக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் ரெண்டுக்கும் 255.255.255.0, கேட்வே காலியா விடுங்க. இங்க தான் பல பேர் மாட்டுவாங்க: இப்படி நேரடியா இணைச்ச நெட்வொர்க்கை விண்டோஸ் "பப்ளிக்"னு எடுத்துக்கிட்டு ஃபைல் ஷேரிங்கை அடைச்சிடும். ஃபயர்வால்ல ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கைப் பப்ளிக்குக்கும் அனுமதிச்சுட்டு, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. இல்லாட்டி ரெண்டு மெஷினையும் ஃபைபர் ரவுட்டரோட லேன் போர்ட்ல குத்திட்டு நெட்வொர்க்கை "பிரைவேட்" ஆக்குங்க, இந்தத் தலைவலியே இல்லை.

லேப்டாப்ல ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணுங்க. லேப்டாப் கணக்குக்கு பாஸ்வேர்டு கட்டாயம் இருக்கணும், வெறும் கணக்கை நெட்வொர்க் வழியா விண்டோஸ் உள்ள விடாது. பின் நம்பர் இதுக்கு ஆகாது.

காப்பி பண்ண எக்ஸ்புளோரர் வேண்டாம், விண்டோஸ்லயே இருக்கிற ரோபோகாப்பி கட்டளை. ஈ ஆப்ஷன் (உள் ஃபோல்டர் எல்லாம் சேர்த்து), ஆர் 1 (மறுமுயற்சி ஒரு தடவை), டபிள்யூ 1 (நடுவுல காத்திருப்பு ஒரு விநாடி), லாக் கோப்பு ஒண்ணு. ஆர் ரொம்ப முக்கியம்: நீங்க எதுவும் சொல்லலைன்னா ஒரு ஃபைல் படிக்க முடியாட்டி 30 விநாடிக்கு ஒரு தடவையா 10 லட்சம் தடவை முயற்சி பண்ணும். காலையில வந்து பார்த்தா முதல் கெட்ட ஃபைல்லயே நின்னுக்கிட்டிருக்கும். படிக்க முடியாத ஃபைலுக்கு லாக்ல எரர் 23 வரும், அதைத் தேடினாலே அடிபட்ட பட்டியல் கிடைச்சிடும். எம்ஐஆர் ஆப்ஷனை மட்டும் தொட்டுடாதீங்க, மூலத்துல இல்லாததை எல்லாம் இலக்குல அழிச்சிடும். இன்னொண்ணு: டி டிரைவோட ரூட்டையே மூலமா கொடுத்தா, இலக்கு ஃபோல்டர் ஹிடன், சிஸ்டம் ஆயிடும், காப்பியே ஆகலைன்னு பயந்துடுவீங்க. ஏ மைனஸ் ஆப்ஷன்ல எஸ்எச் கொடுத்தா அது வராது.

---

சால்டரிங்_அயன்:

லேன் எல்லாம் சரி. கேஸுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறதை யாரும் சொல்லலையே. டிவிடி ரைட்டர் சாட்டாதானே? அதோட டேட்டா கேபிளும் பவர் கனெக்டரும் அப்படியே 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பொருந்தும். புதுசா ஒரு 2 டிபி இன்டர்னல் டிஸ்க் வாங்கி அதுல மாட்டிடுங்க. யூஎஸ்பியும் வேண்டாம், லேப்டாப்ல இடமும் தேட வேண்டாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ல (கேஸுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) சாட்டா பவர் பத்தலைன்னு நாலு பின் மோலெக்ஸ் மாத்தி வாங்கினா, ஒயரைச் சுத்தி பிளாஸ்டிக் உருக்கி ஊத்தின வகையை எடுக்காதீங்க. உள்ள ஒயர் நகர்ந்து ஷார்ட் ஆகி எரியறது அந்த வகையில தெரிஞ்ச கோளாறு. ஒயரைக் கடிச்சுப் பிடிக்கிற, பின்மூடி தனியா கழல்ற வகை பரவாயில்லை.

காலியா இருக்கிற சாட்டா போர்ட்ல போட்டு டிஸ்க் தெரியலைன்னா மதர்போர்டு மேனுவலைப் பாருங்க. எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி இருந்தா ஒரு சாட்டா போர்ட்டை அணைச்சிடுற போர்டுகள் உண்டு. மின்னழுத்தம் ஏறினதால யூஎஸ்பி போன போர்டு இது, எஸ்எம்பிஎஸ்ஸையும் மல்டிமீட்டர்ல பார்த்துடுங்க. மஞ்சள் ஒயர் 11.4ல இருந்து 12.6, சிவப்பு 4.75ல இருந்து 5.25. அதுக்கு வெளியே இருந்தா புது டிஸ்க்கை மாட்டாதீங்க.

---

டிடிபி_கடை:

ரொம்ப நன்றி. எக்ஸ்டர்னலை லேப்டாப்ல போட்டதும் வந்துடுச்சு! ஆனா அதுல இருக்கிறது ஆறு மாசம் பழைய பேக்கப். டி கேபிளை உருவிட்டேன். எஸ்எம்பிஎஸ் 12.1, 5.05 காட்டுது. 2 டிபி டிஸ்க் வாங்கிடறேன். பழைய பேக்கப் மேலேயே புதுசை ஏத்திடலாமா, இல்ல முழு டிஸ்க்கையும் எடுக்கணுமா?

---

வட்டு_வைத்தியர்:

பழைய பேக்கப்பின் மேல் ஏற்றவே கூடாது. சாகப்போகும் டிஸ்க்கிலிருந்து வரும் கோப்பு பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே பாதி வெற்றாக இருக்கலாம். அதை நல்ல பழைய நகலின் மேல் எழுதினால் இரண்டும் போச்சு. ஆறு மாதப் பழையது இப்போது உங்களிடம் உள்ள ஒரே நம்பகமான நகல். அதை லேப்டாப்பிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள்.

வேலையை இரண்டாகப் பிரிப்பேன். முதலில், திரும்பச் செய்ய முடியாத சின்னவை: டேலி டேட்டா ஃபோல்டர், இப்போது கையில் ஓடும் ஆர்டர்கள். இவை சில ஜிபிதான் இருக்கும். இதற்கு மட்டும் கணினியை அணைத்து டி கேபிளை மாட்டி, முடிந்ததும் அணைத்துவிட்டு மறுபடி உருவிவிடுங்கள். கேபிள்காரர் சொன்ன ரோபோகாப்பி வழியில் ஃபோல்டர் பெயரைத் தட்டச்சு செய்தே எடுத்துவிடுங்கள், எக்ஸ்புளோரரில் திறந்து தேட வேண்டாம். டேலி மூடியிருக்க வேண்டும். எடுத்ததை லேப்டாப்பில் டேலியை எஜுகேஷனல் மோடில் வைத்துத் திறந்து, கடைசி வவுச்சர் வரை இருக்கிறதா பாருங்கள்.

மீதிக்கு, கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க்கை அப்படியே ஒரு இமேஜாக (முழு டிஸ்க்கின் நகலாக ஒரே கோப்பு) எடுப்பது மேல். காரணம், கோப்பு வழிக் காப்பியில் படிக்கும் தலைப்பகுதி (ஹெட்) டிஸ்க்கின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். இமேஜ் எடுக்கும் குனூ டிடிரெஸ்க்யூ வேறு மாதிரி: முதல் சுற்றில் நேராகப் படித்துக்கொண்டே போகும், கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். நல்ல பகுதியெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதை மேப் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

செய்முறை:

1. 2 டிபி டிஸ்க்கை விண்டோஸில் ஜிபிடி (பார்ட்டிஷன் பட்டியல் வகை) முறையில் பிரித்து, ஒரே பார்ட்டிஷனாக, என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் செய்யுங்கள். எஃப்ஏடி32 ஆகாது, ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. இமேஜ் 1000 ஜிபி, அதிலிருந்து பிரித்தெடுக்கும் கோப்புகள் 420 ஜிபி. இரண்டும் சேர்ந்து 1420, எனவே 2 டிபியில் அடங்கும். 1 டிபி வாங்கியிருந்தால் அடங்காது.

2. லேப்டாப்பில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற, பென் டிரைவிலிருந்தே ஓடும் மீட்பு லினக்ஸை 64 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பது அழியும். டெஸ்க்டாப்பில் மவுஸைக் கழற்றிவிட்டு அந்த 2.0 போர்ட்டில் குத்தி பூட் செய்யுங்கள். கீபோர்டு மட்டும் போதும்.

3. அப்படி பூட் செய்வதற்கு முன், விண்டோஸை ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செய்யுங்கள். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக என்டிஎஃப்எஸ் பாதி திறந்த நிலையில் இருக்கும், லினக்ஸ் எழுத மறுக்கும். பழைய டிஸ்க்கின் கேபிளை அதற்குப் பிறகு, பவர் வயரை உருவிவிட்டு மாட்டுங்கள்.

4. லினக்ஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, மாடல் பெயர், சீரியல் எண், அளவு மூன்றையும் டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறும், அவற்றை நம்ப வேண்டாம். பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்யாதீர்கள் (அதாவது, கோப்புகளைப் பார்க்கும்படி திறக்காதீர்கள்). புதியதை மட்டும் மவுண்ட் செய்யுங்கள்.

5. டிடிரெஸ்க்யூ கட்டளையில் வரிசை: ஆப்ஷன், மூல டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. முதல் ஓட்டத்துக்கு சின்ன என் ஆப்ஷன் மட்டும், அதாவது கெட்ட இடத்தைச் சுரண்டாதே என்று பொருள். இரண்டாம் ஓட்டத்துக்கு அதை எடுத்துவிட்டு, சின்ன டி ஆப்ஷனும் (டிஸ்க்கை நேரடியாகப் படி), ஆர் 3ம் (மூன்று முறை மறுமுயற்சி). கோப்புப் பெயர்கள் இரண்டு ஓட்டத்திலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

நல்ல 1 டிபி டிஸ்க் என்றால் முதல் ஓட்டம் சுமார் 3 மணி நேரத்தில் முடியும். உங்களுடையது எங்கேயாவது விநாடிக்குச் சில கேபி என்று தவழ்ந்தால் பதற வேண்டாம், அது கெட்ட பகுதி. ஆனால் வேகம் பூஜ்யமாகி, டிஸ்க் கணக்குப் பிசகாத இடைவெளியில் "டக், டக்" என்று அடிக்கத் தொடங்கினால் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். அது ஹெட் கோளாறு. அதற்கு மேல் ஓட்டுவது தட்டைக் கீறுவதாகிவிடும். அங்கே மென்பொருள் வேலை முடிந்தது, மீட்பு ஆய்வகம்தான். ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்க்கும், நம் ஊர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். கேஸைத் திறந்து டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வையுங்கள், அது போதும்.

---

கேபிள்காரர்:

இமேஜ் எடுத்தப்புறம் அதுக்குள்ள இருந்து ஃபைலை எடுக்க பெரிய வித்தை வேண்டாம். பழைய டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டு விண்டோஸ்ல ஏறி, 7-ஸிப்ல இமேஜைத் திறந்தாலே உள்ள இருக்கிற என்டிஎஃப்எஸ் ஃபோல்டர்கள் தெரியும். இல்லாட்டி ஓஎஸ்எஃப்மவுண்ட்ங்கிற மென்பொருள்ல ரீட் ஒன்லியா ஏத்தினா தனி டிரைவ் மாதிரி வரும்.

ஃபோல்டர் பட்டியலே அடிபட்டிருந்தா டெஸ்ட்டிஸ்க், அதுலயும் வரலைன்னா போட்டோரெக், ரெண்டுமே மீட்பு மென்பொருள். போட்டோரெக் ஃபைல் பெயரையும் ஃபோல்டரையும் தராது, வெறும் எண் போட்டுக் கொட்டும். ஆல்பம் வேலைக்கு அது கடைசி வழி.

பழைய பேக்கப்புக்கு அப்புறம் எது புதுசுன்னு தெரிய, இமேஜை ஏத்தின டிரைவை மூலமாவும் பழைய பேக்கப்பை இலக்காவும் கொடுத்து ரோபோகாப்பியை எல் ஆப்ஷனோட ஓட்டுங்க. எதையும் காப்பி பண்ணாது, வெறும் பட்டியல் தான் போடும்.

---

வட்டு_வைத்தியர்:

எந்தக் கோப்பு அடிபட்டது என்று இமேஜில் கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே வழி உண்டு. ஃபில் மோட் என்று ஒன்று: மேப்பில் கெட்டதாகக் குறித்த இடங்களில் மட்டும் நீங்கள் கொடுக்கும் ஒரு சொல்லை நிரப்பும். வழக்கத்தில் வராத சொல்லாகக் கொடுத்து நிரப்பிவிட்டு, பிரித்தெடுத்த கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவை தாமாக அகப்படும். அவற்றை மட்டும் ஆறு மாதப் பழைய நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 56 செக்டார் என்பது, ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்தாலும் 224 கேபிதான். ஜேபெக்கில் ஒரு செக்டார் போனால் அந்த இடத்துக்குக் கீழே படம் நிறம் மாறும் அல்லது சாம்பலாகும். சுருக்கப்பட்ட ஸிப், கோரல்டிரா கோப்பு என்றால் முழுக்கவே திறக்காமல் போகலாம். எனவே அளவு சிறிது என்று சோதிக்காமல் விடாதீர்கள்.

---

டிடிபி_கடை:

புரிஞ்சுது. இன்னும் ரெண்டு கேள்வி. எக்ஸ்டர்னல் வராம போயிருந்தா, உள்ள இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி டெஸ்க்டாப் சாட்டாவுல மாட்டியிருக்கலாமா? இனிமே பேக்கப்புக்கு கிளவுட் சரிப்படுமா?

---

சால்டரிங்_அயன்:

மாடலைப் பொறுத்தது. சிலதுல உள்ள சாதாரண சாட்டா டிஸ்க்கும் தனியா ஒரு குட்டி போர்டும் இருக்கும். போர்டைக் கழட்டிட்டு மாட்டலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் மாடல் பலதுல யூஎஸ்பி ஜாக் டிஸ்க்கோட பிசிபியிலேயே சால்டர் பண்ணியிருக்கும், சாட்டா முனையே கிடையாது. பாஸ்வேர்டு போடாட்டியும் சிப் வழியா என்கிரிப்ட் ஆகிற மாடலும் உண்டு, அதுக்கு அந்த சிப் இல்லாம டேட்டா வராது. ஜாக் ஆடினா ஜாக்கை மாத்துங்க, டிஸ்க்கை உடைக்காதீங்க.

சில பெரிய எக்ஸ்டர்னல்களை சாட்டாவுல நேரா மாட்டினா "ரா"ன்னு (ஃபார்மேட் ஆகாதது மாதிரி) காட்டும். பெட்டியில இருந்த போர்டு 4096 பைட் செக்டாரா காட்டினது, நேரடியா 512ஆ தெரியுது, அவ்வளவு தான். டேட்டா போகலை. ஃபார்மேட் பண்ணிடாம பழைய போர்டையே மாட்டுங்க.

---

கேபிள்காரர்:

கிளவுட் உங்க 420 ஜிபிக்கு முதல் வழி ஆகாது. அப்லோடு 20 மெகாபிட்னா விநாடிக்கு 2.5 எம்பி, 420 ஜிபிக்கு ரெண்டு நாள் இடைவிடாம ஓடணும். கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபியும் ஜிமெயிலோட சேர்த்து. டேலியையும் நடப்பு ஆர்டரையும் மட்டும் ஆர்குளோன்ல (கிளவுடுக்கு ஃபைல் அனுப்புற மென்பொருள்) தினமும் ராத்திரி அனுப்புங்க, அது ஓடும். ஆல்பத்துக்கு எக்ஸ்டர்னல் ரெண்டு வெச்சு மாத்தி மாத்தி எடுங்க, ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டுல. டிவிடி 4.7 ஜிபி, 420க்கு 90 தட்டு ஆகும். ஒப்படைச்ச ஆல்பம் ஒண்ணு ரெண்டை எழுதி வைக்க மட்டும் சரி. மலிவா 1 டிபி பென் டிரைவ்னு வித்தா எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சோதனை மென்பொருள்ல முழுசா எழுதிப் படிச்சுப் பார்க்காம ஒரு ஃபைல் கூட வைக்காதீங்க. கொள்ளளவைப் பொய்யாக் காட்டுற சரக்கு நிறைய இருக்கு.

---

டிடிபி_கடை:

சரிண்ணா. எல்லாம் எடுத்தப்புறம் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி பாட்டு, படம் வைக்கவாவது வெச்சுக்கலாமா? வாரண்டி இன்னும் நாலு மாசம் இருக்கு.

---

வட்டு_வைத்தியர்:

வாரண்டி இருக்கும்போது அதில் பாட்டு எதற்கு? மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அனுப்பிய டிஸ்க் திரும்ப வராது, பதிலாக வேறொன்றுதான் வரும். எனவே பிரித்தெடுத்த கோப்புகளைத் திறந்து பார்த்து, இரண்டாவது நகல் ஒன்று எடுத்த பிறகு அனுப்புங்கள். வாடிக்கையாளர் படங்கள் உள்ளவை என்பதால், அதற்கு முன் முழு ஃபார்மேட் செய்யுங்கள், குவிக் ஃபார்மேட் அல்ல. விண்டோஸின் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். எழுதும்போது சி5 குறைந்து பூஜ்யத்துக்குக்கூட வரலாம், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீல நிறத்துக்குத் திரும்பலாம். அதைப் பார்த்து டிஸ்க் தேறிவிட்டதென்று மனம் மாற வேண்டாம். 05ஐப் பாருங்கள், அங்கே ஏறியிருக்கும். சீரியல் எண் தெரியும்படி லேபிளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரண்டிப் பதிவுக்கு அதைத்தான் கேட்பார்கள். லேபிள் கிழிந்திருந்தாலோ மேல் மூடித் திருகு கழன்றிருந்தாலோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.